பச்சை வரிக்குள் பட்டாணி

மார்ச் 3

வாத்தியாருக்கு,

இல்லை, பட்டாணி பெயரை நான் அழிக்கவில்லை. அவள் பெயர் அங்கேதான் இருக்கிறது. அதன் மேல் ஒரு கோடு ஓடுகிறது. அந்தக் கோடு நீ போட்டது.

நேற்று போனிலேயே இதைச் சொல்லியிருப்பேன். மூன்றாவது நிமிடம் நெருங்கிக்கொண்டிருந்தது. மூன்று நிமிடத்துக்கு மேல் நாம் பேசினால் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும். அதனால்தான் வைத்துவிட்டேன். பட்டாணி விஷயம் எதுவானாலும் காகிதத்தில் என்று நீ புறப்படும்போது பேசிக்கொண்டோம். தபால் போய்ச் சேர நான்கு நாள், கோபம் அவ்வளவு தூரம் தாங்காது என்றாய். பார்ப்போம்.

நடந்ததைச் சொல்கிறேன்.

திங்கட்கிழமை காலை. குளித்துவிட்டு வந்தால் பட்டாணியைக் காணோம். வாசல் கதவு திறந்து கிடக்கிறது. மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறாள். யூனிஃபார்ம், ஷூ எல்லாம் சரியாக. பை மட்டும் வீங்கியிருந்தது.

"என்னடி, பஸ்ஸுக்கு இன்னும் அரை மணி இருக்கே?"

"பஸ்ஸுக்கு இல்ல. ஊருக்கு."

"எந்த ஊருக்கு?"

"தெரியல. நீதான் சொல்லணும்."

பையைத் திறந்தேன். பல் தேய்க்கும் பிரஷ். துண்டு. நீச்சல் தொப்பி. பாதி ரப்பர்.

"நீ ஊருக்குப் போறன்னு யாருடி சொன்னா?"

"ஃபிரிட்ஜ்ல போட்டிருக்கே."

ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் பழைய டேப்லெட். அதில் நாமே எழுதிச் செய்த 'வீட்டில் யார்' இணையப் பக்கம். அவள் பிறந்த வருடத்திலிருந்து ஓடுகிற பக்கம். வீட்டில் இருப்பவர் பெயர் சும்மா இருக்கும். வெளியூர் போனவர் பெயர் மேல் கோடு. திரும்பி வந்ததும் முதல் வேலை கோட்டை எடுப்பது, அப்புறம்தான் சாப்பாடு. சட்டம் நீ போட்டது.

இதுவரை நீ ஊருக்குப் போன போதெல்லாம் நான்தான் கோடு போட்டேன். உன் பெயரை மட்டும் ஒரு டேக்குக்குள், தனி உறைக்குள் போடுவது மாதிரி, வைத்து அதற்கு மட்டும் போடுவேன். இந்த முறை, போய் இரண்டு வாரம் கழித்து, உன் புது அறையிலிருந்து நீயே போட்டிருக்கிறாய். முழு வரிக்கும்.

அந்த வரியை ஒரு முறை படித்துப் பார். 'அப்பா: காலை டீ, குப்பை, பட்டாணி.' எனக்குப் பிரசவ விடுப்பு முடிந்ததும் நீ எழுதியது. உன் பங்கு வீட்டு வேலைகளின் பட்டியல். அவளுக்கென்று தனி வரி எழுத நாம் இருவருமே மறந்துபோனோம். ஏழு வயதாகிறது, இன்னும் குப்பைக்கு அடுத்த இடத்தில்தான் இருக்கிறாள்.

அழவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. போகச் சொல்லியிருக்கிறார்கள், போக வேண்டியதுதான் என்பது போல் உட்கார்ந்திருந்தாள்.

சார்ஜ் இல்லை என்று சொல்லி டேப்லெட்டை அணைத்து வைத்திருக்கிறேன். நானே சரிசெய்தால் ஒரு நிமிட வேலை. செய்ய மாட்டேன். உன் வரியில் நான் கை வைத்தால், யார் யாரை அழித்தது என்ற பேச்சு பின்னால் வரும். நீ போட்டது, நீ எடு.

அவளிடம் 'அப்பா வேலை விஷயமாகப் போயிருக்கிறார்' என்றே சொல்லிக்கொண்டிருக்கிறேன். பிரிந்துவிட்டோம் என்ற சொல்லை நாம் நமக்குள்ளேகூட இன்னும் முழுசாகச் சொல்லிக்கொள்ளவில்லை.

பட்டாணியின் அம்மா

வேறு எப்படிக் கையெழுத்துப் போடுவது என்று யோசித்தேன். தெரியவில்லை.


மார்ச் 8

டீச்சரம்மாவுக்கு,

உன் கடிதத்தை லேபில் நின்றுகொண்டே படித்தேன். எட்டாம் வகுப்பு கரைசல் கலக்கிக்கொண்டிருந்தது. "சார், கலர் மாறிடுச்சு சார்" என்று ஒரு குரல். "மாறட்டும்" என்றேன். என்ன கலர் என்று பார்க்கவில்லை. மாடிப்படியில் அந்த வீங்கிய பையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீச்சல் தொப்பி எதற்கு என்று கேட்டாயா? நான் இருக்கும் ஊரில் கடல் உண்டு என்று ஒரு முறை சொன்னேன். அதனாலாக இருக்கும். கடல் இங்கிருந்து இரண்டு மணி நேரம் என்பதைச் சொல்லவில்லை.

மன்னித்துவிடு என்று எழுதினால் நீ அந்த இடத்தைத் தாண்டிப் படிப்பாய். இருந்தாலும் எழுதுகிறேன்.

அன்று பள்ளி விட்டதும் அறைக்கு ஓடிவந்து சரிசெய்ய உட்கார்ந்தேன். முதலில் பட்டாணிக்கு மட்டும் 'கோடு வேண்டாம்' என்று விதி எழுதினேன். கோடு அசையவில்லை. பக்கத்தில் 'இம்பார்ட்டன்ட்' சேர்த்தேன். அது வகுப்பில் மேசையைத் தட்டுவது மாதிரி, தட்டத் தட்ட மதிப்புப் போய்விடும் என்று நீ சொல்வாய். தட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியாக எனக்கு மூளை வேலை செய்தது. அவள் பெயர் மேல் வெள்ளை நிறத்தில் இன்னொரு கோடு போட்டேன். பழைய கோடு மறைந்தது. பெயர் இரண்டாகப் பிளந்தது. மேலே பாதிப் பட்டாணி, கீழே பாதிப் பட்டாணி. பயந்துபோய் எடுத்துவிட்டேன்.

ஆக, உன் மாணவன் பத்து வருடத்தில் ஓர் அடிகூட முன்னேறவில்லை.

உனக்கு அந்த முதல் வகுப்பு நினைவிருக்கிறதா? இணையப் பக்கம் எழுத ஆசிரியர்களுக்கு நீ நடத்திய மாலை நேரப் பயிற்சி. மரப் பலகை பார்த்த மாதிரி எங்கள் முகங்களை நீ பார்த்தாய். நான் லேப் விதிமுறைகளைப் பக்கமாகச் செய்து கொண்டுவந்தேன். பட்டியலுக்குள் பட்டியல், அதற்குள் இன்னொரு பட்டியல். பட்டியல் எழுத்து எண்பது சதவீத அளவில் இருக்கட்டும் என்று ஒரே ஒரு விதி. உள்ளே போகப் போக எண்பதில் எண்பது, அதில் எண்பது. மூன்றாவது பட்டியலில் எழுத்து எறும்பாகிவிட்டது. நீ திரையோடு மூக்கை ஒட்டிக்கொண்டு சத்தமாகப் படித்தாய்: "அமிலத்தில் தண்ணீரை ஊற்றாதே." அப்புறம் திரும்பி, "சார், இந்தப் பக்கத்துல உயிர் போற விஷயம் இது ஒண்ணுதான். அதைத்தான் யாரும் படிக்க முடியாத சைஸ்ல வச்சிருக்கீங்க" என்றாய். வகுப்பே சிரித்தது. நான் அன்றுதான் உன்னைச் சரியாகப் பார்த்தேன்.

பட்டாணியை என் வரிக்குள் எழுதியபோதும் பெருமையாகத்தான் எழுதினேன். 'பார், அவளுக்குத் தனியாக நிறம் எழுத வேண்டாம், என் வரியின் பச்சை தானாக வந்துவிட்டது' என்றேன். நீ தூளியை ஆட்டிக்கொண்டே, 'சோம்பேறி' என்றாய்.

இங்கே அறை நன்றாக இருக்கிறது. தையல் கடைக்கு மேல். பகல் முழுக்க மெஷின் ஓடும். அது நிற்கும்போதுதான் ஓடியதே தெரியும்.

எப்படிச் சரிசெய்வது என்று எழுது. ஒரே ஒரு வேண்டுகோள். என் கோட்டை எடுக்கச் சொல்லாதே. டீயும் குப்பையும் இப்போது நான் பார்ப்பதில்லை, அவை மேலும் கோடு இருப்பதுதான் நியாயம். பட்டாணி மட்டும் தப்பினால் போதும். கோடு இருந்தால் ஆள் வருவான் என்று அர்த்தம். அவளுக்கு அது தெரியும். அது இருக்கட்டும்.

பட்டாணியின் அப்பா


மார்ச் 13

வாத்தியாரே,

வெள்ளைக் கோடு. ஆபீசில் படித்தேன், சிரித்துவிட்டேன். பக்கத்து மேசைக்காரி எட்டிப் பார்த்தாள். "என்னடி, லீவு கெடச்சுடுச்சா?" இல்லை என்றேன். "அப்ப ஏன் சிரிக்கிற?" கடிதத்தை மடித்துப் பையில் வைத்தேன்.

சரி, கவனி. வகுப்பில் நான் இதைச் சொன்ன நாளில் நீ வரவில்லை. பரீட்சை டூட்டி என்றாய்.

நிறம், எழுத்துரு, எழுத்தளவு, வரி இடைவெளி. இவையெல்லாம் வெளியே இருப்பதிலிருந்து உள்ளே இருப்பதற்கு இறங்கும். உள்ளே இருப்பதற்கென்று நாம் தனியாக எதுவும் எழுதாதவரைக்கும்தான். எழுதிவிட்டால் அதன் பேச்சுதான் செல்லும். பட்டாணி பச்சையாக இருப்பது அப்படி. நாளைக்கே அவளுக்கு 'நீலம்' என்று எழுதினால் நீலமாகிவிடுவாள், நீ பச்சையாகவே இருப்பாய்.

கோடு அப்படி இல்லை. அது இறங்குவதே இல்லை. பட்டாணியிடம் கோடு கிடையாது. இருப்பது உன்னுடைய ஒரே கோடு. உன் வரியின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே இழுப்பு. உள்ளே யார் இருந்தாலும் அவர்கள் மேலேயே போகும். அவளிடம் போய் 'கோடு வேண்டாம்' என்றால் அவள் என்ன செய்வாள்? தன்னிடம் இல்லாததை எப்படி எடுப்பாள்? நீ எவ்வளவு மேசையைத் தட்டினாலும் அதுதான் பதில்.

உன் பெயருக்கு மட்டும் தனி டேக் வைப்பது என் வழி. உனக்கு டீயும் குப்பையும் சேர்ந்து அடிபட வேண்டும் என்றால் இன்னொரு வழி இருக்கிறது. அவளை வரியோடு ஓடும் எழுத்தாக விடாதே. வரிக்குள்ளேயே ஒரு சின்னத் தனிப் பெட்டியாக்கு. 'இன்லைன் பிளாக்' என்று ஒரே ஒரு விதி. வெளிக் கோடு பெட்டிக்குள் நுழையாது. நிறம் நுழையும். அவள் இருந்த இடத்தில் இருப்பாள், பச்சையாகவே இருப்பாள்.

இது உன் கேள்விக்குப் பதில். இனி என் புகார்.

நேற்று படிக்கட்டில் எதிர் வீட்டு டாக்டரம்மா. "அப்பாவை ரொம்ப நாளா காணோமே, செல்லம்?" பட்டாணி நிதானமாகச் சொன்னாள். "கோடுதான் ஆண்ட்டி போட்டிருக்கு, அழிக்கல. வந்துருவாரு." டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் சாவிக்கொத்தைப் பார்த்தேன்.

தினம் காலையில் ஒரு தடவை கேட்கிறாள். அப்பா எப்ப கோடு எடுப்பாரு. பல் தேய்த்துக்கொண்டே, வாயில் நுரையோடு. அவசரமில்லாமல் கேட்கிறாள். மழை எப்போது வரும் என்று கேட்பது மாதிரி.

இந்த வீட்டில் கோடு போட்ட ஒவ்வொரு முறையும் ஆள் வந்திருக்கிறார். அதைத்தான் அவள் படித்து வைத்திருக்கிறாள். படித்ததில் தவறில்லை. எழுதியதில்தான் ஏதோ தவறு. யோசி.

பட்டாணியின் அம்மா


மார்ச் 19

டீச்சரம்மா,

வேலை செய்கிறது. ஒரே விதி, சொன்னபடியே. கோடு 'அப்பா'வில் தொடங்கியது, டீயைத் தாண்டியது, குப்பையைத் தாண்டியது, அவளிடம் வந்ததும் நின்றது. பச்சையில் பளிச்சென்று இருக்கிறாள். அரை மணி நேரம் அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கீழே மெஷின் நின்றதைக்கூடக் கவனிக்கவில்லை. தையல்காரர் மேலே வந்து, "சார், ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

டேப்லெட்டை மறுபடி போட்டுவிடு. அவள் முதலில் என்ன சொன்னாள் என்று எழுது.

நீ யோசி என்றாய். யோசித்தேன்.

பழைய வீட்டில் ஒரே மேசை இருந்தது, நினைவிருக்கிறதா? இந்தப் பக்கம் நான் விடைத்தாள் திருத்துவேன், அந்தப் பக்கம் நீ உன் ஆபீஸ் வேலையோடு. நான் சிவப்புப் பேனாவை எடுத்தால், "யாரு இன்னிக்குப் பலி?" என்று தலையைத் தூக்காமலேயே கேட்பாய். நான் பையனுடைய விடையைப் படிப்பேன். 'நீர் என்பது நனைவதற்குப் பயன்படும் ஒரு திரவம்.' நீ, "கரெக்ட்தானே, மார்க்கைப் போடு" என்பாய். எத்தனை பேருக்கு உன்னால் அரை மார்க் கிடைத்திருக்கும். பட்டாணி மேசைக்கு அடியில் உட்கார்ந்து நம் இரண்டு பேர் காலிலும் ஸ்டிக்கர் ஒட்டுவாள்.

புது வீட்டில் ஆளுக்கொரு மேசை வாங்கினோம். வசதியாக இருக்கும் என்றுதான் வாங்கினோம்.

நேராகக் கேட்டுவிடுகிறேன். வருடக் கடைசியில் இங்கே எழுதிக் கொடுத்துவிட்டு ஜூனில் வந்துவிடட்டுமா? பழைய பள்ளியில் எடுத்துக்கொள்வார்கள், ஹெச்.எம்.மிடம் பேசினேன். வந்து கோட்டை என் கையாலேயே எடுக்கிறேன். போன வருடம் மாதிரி ஆகாது. ஆகாமல் பார்த்துக்கொள்ளலாம்.

யோசித்துச் சொல்.

நான்


மார்ச் 30

டீச்சரம்மா,

பதில் இல்லை. தபாலில் தொலைந்துவிட்டதா என்று இங்கே போஸ்ட் ஆபீசில் கேட்டேன். "தொலையறதெல்லாம் இல்ல சார், அவங்க எழுதலன்னா நாங்க என்ன பண்றது" என்றார் அந்த அம்மாள்.

தினமும் பக்கத்தைத் திறந்து பார்க்கிறேன். எந்த மாற்றமும் இல்லை.

வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுது. அது எனக்குப் புரியும். ஒன்றுமே எழுதாமல் இருப்பதுதான் புரியவில்லை.

நான்


ஏப்ரல் 4

அன்புள்ள உனக்கு,

தொலையவில்லை. நான்தான் எழுதவில்லை. நான்கு முறை தொடங்கினேன். நான்கிலும் முதல் வரி நன்றாக இருந்தது. இரண்டாவது வரியில் பொய் வந்தது.

நீ சரிசெய்ததை என் போனில் பார்த்து, உன் கடிதம் வரும் முன்பே டேப்லெட்டைப் போட்டுவிட்டேன். அன்று அவள் சொன்னது: "அப்ப நான் போக வேண்டாம்ல?" வேண்டாம் என்றேன். பிரஷ்ஷைப் பையிலிருந்து எடுத்துத் திரும்ப வைத்தாள். அதுவரை, பத்து நாளுக்கு மேல், அந்தப் பிரஷ்ஷைத் தினமும் பையில் போட்டுப் பள்ளிக்கூடம் கொண்டுபோயிருக்கிறாள். காலையில் எடுத்துத் தேய்த்துவிட்டு மறுபடி பையில். எனக்குத் தெரியவே தெரியாது. ஒரே வீட்டில் இருந்தேன்.

அன்று முடிவு செய்தேன், அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று. உன் கடிதம் வந்தது. மறுபடி தயங்கினேன்.

நீ கேட்டதற்குப் பதில்.

போன வருடம் நாற்பது நாள் உன் அண்ணன் வீட்டில் இருந்துவிட்டு வந்தாய். நான் கோட்டை எடுத்தேன். அவள் கைதட்டினாள். அதற்குப் பிறகு நடந்ததை யோசி. சண்டை வந்திருந்தால்கூடப் பரவாயில்லை. "இன்னும் கொஞ்சம் டீ?" "போதும், நன்றி." நன்றி என்று நாம் அதுவரை அந்த வீட்டில் சொல்லிக்கொண்டதே இல்லை. இரண்டு விருந்தாளிகள் மாதிரி இருந்தோம். எதிரே இருப்பவர் எப்போது கிளம்புவார் என்று இருவருமே பார்த்துக்கொண்டிருந்தோம். மேசை காரணமில்லை. பழைய மேசையைத் தேடிப் பிடித்து வாங்கினாலும் இரண்டு பக்கமும் நாம்தான் உட்கார வேண்டும்.

அரை மார்க் கேட்டுக்கொண்டிருந்தவளை எனக்கும் பிடிக்கும். சில நாள் பஸ்ஸில் போகும்போது அவளை நினைத்துக்கொள்கிறேன். நீ வந்து நின்றால் நான் கதவைத் திறப்பேன். அதனால்தான் வராதே என்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, துணி மடித்துக்கொண்டிருக்கும்போது அவளிடம் சொன்னேன்.

"அப்பா இனிமே அந்த ஊர்லதான் இருப்பாரு."

"எத்தனை நாள்?"

"நாள் கணக்கு இல்லடி. அங்கதான் அவரு வீடு."

ஒரு சாக்ஸுக்கு ஜோடி தேடினாள். கிடைத்ததும் இரண்டையும் சேர்த்துச் சுருட்டினாள்.

"அப்ப கோடு பொய்யா?"

"போட்டப்ப அப்பா பொய்யுன்னு நெனைக்கல. இப்ப பொய்தான்."

"என்னாலதானா?"

"இல்லவே இல்ல. நீ காரணம் இல்ல. எங்க ரெண்டு பேருக்கும் ஒத்து வரல. அவ்வளவுதான்."

"அங்க எனக்குக் கட்டில் இருக்கா?"

நான் இத்தனை வாரம் பயந்த கேள்விகளில் இது இல்லவே இல்லை. கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்கிறேன். இருக்கிறதா?

அதற்கப்புறம் அழுதாள். நெடுநேரம். மடித்த துணிமேலேயே படுத்து அழுதாள். முதுகில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு பசிக்கிறது என்றாள்.

சாப்பிட்ட பிறகு டேப்லெட்டைக் கழற்றி மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். உன் கோட்டை நான் எடுத்தேன். உன்னைக் கேட்காமல்தான். இப்போது அந்த 'வீட்டில் யார்' பக்கத்தில் இரண்டு வீடு இருக்கிறது. இங்கே நான். அங்கே நீ, உன் டீ, உன் குப்பை. அவள் கேட்டாள், "ஒரு பேரை ரெண்டு எடத்துல எழுதலாமா?" எழுதலாம் என்றேன். இரண்டிலும் தனி வரியாக எழுதச் சொன்னாள். யார் வரிக்குள்ளும் வேண்டாமாம். "நான் என்ன அப்பாவோட வேலையா?" என்றாள். உன் பச்சை தானாக வராது, நிறம் நாமே எழுத வேண்டும் என்று விளக்கினேன். ஒரு நிமிடம் யோசித்து, ஆரஞ்சு என்றாள். இங்கேயும் அங்கேயும் ஒரே ஆரஞ்சு. நிறத்தின் பெயரை அவளே விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினாள். முதல் தடவை தப்பாகத் தட்டினாள், கறுப்பாக வந்தது. இரண்டாவது தடவை வந்துவிட்டது.

இனி பக்கத்தில் கோடு என்ற விதியே இல்லை. யார் எங்கே இருக்கிறார் என்பதை எழுதினால் போதும்.

பள்ளி இருபதாம் தேதி மூடுகிறது. விடுமுறை முழுக்க அவள் உன்னிடம். திறப்பதற்கு இரண்டு நாள் முன்னால் நீ கொண்டுவந்து விட வேண்டும். கடலுக்கு இரண்டு மணி நேரம் என்பதை நீயே சொல்லிக்கொள். நான் சொல்லவில்லை.

ஹெச்.எம்.முக்கு வேண்டாம் என்று தெரிவித்துவிடு. இனிப் போனில் பேசலாம் என்று நினைக்கிறேன். மூன்று நிமிடம் தாண்டினாலும் ஒன்றும் ஆகாது.

இன்று மதியம் ஆபீசில் அனுமதி வாங்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போனேன். இருபத்தோராம் தேதி காலைப் பஸ்ஸில் போக இரண்டு டிக்கெட் எடுத்தேன். திரும்ப ஒன்று.